குற்றம் பண்பாட்டிலா இருக்கிறது?

ஜப்பானில் கொலை, கொள்ளை குறைவு. ஏன் என்று கேட்டால் "அவங்க பண்பாடு அப்படி" என்று சொல்லிவிடுகிறோம். அடக்கம், வெட்கம், ஊருக்குக் கட்டுப்படுவது... இருக்கலாம். ஆனால் 1954-ல் அதே ஜப்பானில் முயற்சிகளையும் சேர்த்துக் கொலை வழக்குகள் 3,000-ஐத் தாண்டின. 2013-ல் 1,000-க்கும் கீழே வந்தன. இடையில் பண்பாடா மாறியது? போருக்குப் பிந்தைய வறுமை போனது. வேலையும் படிப்பும் வந்தன. 1958-ல் துப்பாக்கிக்கும் வாளுக்கும் கடுமையான சட்டம் வந்தது.

ஒரு மக்களைப் பிறவியிலேயே நல்லவர்கள் என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. அதையே திருப்பிப் போட்டால்? நம் மதுரைப் பக்கம் அது நடந்திருக்கிறது.

குற்றப் பரம்பரைச் சட்டத்தை வெள்ளைக்காரர்கள் 1871-ல் வட இந்தியாவில் கொண்டுவந்தார்கள். 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914-ல் கீழக்குயில்குடியில் தொடங்கி, பிரமலைக் கள்ளர்களை இதில் சேர்த்தார்கள். நம் தென்னாற்காட்டில் வேப்பூர்ப் பறையர்களும் இந்தப் பட்டியலில் இருந்தார்கள். திருடினானா இல்லையா என்பது கேள்வியே அல்ல. அந்தச் சாதியில் பிறந்தவன் கைரேகை வைக்க வேண்டும், ராத்திரி போலீஸ் கண்ணெதிரே படுக்க வேண்டும். மக்கள் இதைக் "கைரேகைச் சட்டம்" என்றார்கள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாக ஊர்க்காவல் பார்த்தவர்கள். காவலில் உள்ள ஊரில் பொருள் திருடு போனால் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். ஜப்பானில் எடோ காலத்தில் ஐந்தைந்து வீடுகளைச் சேர்த்து, ஒருவர் தப்புக்கு எல்லோரும் பொறுப்பு என்று வைத்திருந்தார்களே, அதுபோல ஒரு கூட்டுப் பொறுப்புதான். அங்கே அது ஒழுக்கத்தின் வேர் என்று பாராட்டு! இங்கே காவல்காரனுக்கே குற்றவாளிப் பட்டம்!!

1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூர் மக்கள் கைரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்களுக்காக வாதாடிய ஜார்ஜ் ஜோசப்பை மக்கள் "ரோசாப்பூ துரை" என்று அன்போடு அழைத்தார்கள். முத்துராமலிங்கத் தேவர், ஜீவா போன்றோரும் போராடி, 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தானது. நாடு முழுக்க ரத்தாக 1952 ஆகிவிட்டது.

பண்பாட்டுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. வேலை, பள்ளிக்கூடம், நியாயமான போலீஸ் இதையெல்லாம் பார்த்த பிறகு பண்பாட்டைப் பற்றிப் பேசுவோம். முதலிலேயே அதைப் பேசினால் பெருங்காமநல்லூரில்தான் போய் நிற்போம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?