விழித்திரை படிக்கும் நிரல் தாய்லாந்து போன கதை

சர்க்கரை நோயாளியின் விழித்திரைப் படத்தைப் பார்த்துப் பார்வைக்கு ஆபத்து உண்டா என்று சொல்லும் கூகுள் நிரல், பல ஊர்ப் படங்களில் பாடம் படித்தது. அமெரிக்காவின் ஐபேக்ஸ் சேகரிப்பு, மதுரையில் தோன்றிய அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயணா நேத்ராலயா என எல்லாம் சேர்த்து 1,28,175 படங்கள். 2016இல் சோதனை முடிவு வெளியானபோது, நிரல் கண் மருத்துவர்களுக்கு ஈடாகத் தேறியிருந்தது.

2018 இறுதியில் அது தாய்லாந்துக்குப் போனது. அங்கே சுமார் 45 லட்சம் சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரை நிபுணர்கள் 200 பேர்தான் இருந்தார்கள். தேவை உண்மையானது.

பதும்தானி, சியாங் மாய் மாகாணங்களின் 11 கிளினிக்குகளை ஆய்வாளர்கள் நேரில் பார்த்தார்கள். இருட்டாக்கக்கூடிய தனி அறை இரண்டில்தான் இருந்தது. மற்ற இடங்களில் வெளிச்சத்தில் நோயாளியின் கண்மணி சுருங்கிவிட, படம் மங்கலாக விழுந்தது. 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதாது என்று நிரல் திருப்பிவிட்டது. விதிப்படி அந்த நோயாளி இன்னொரு நாள், இன்னொரு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, வண்டி பிடித்து. கோளாறு ஏதும் தெரியாத படத்தைக்கூட ஏற்க மறுக்கிறதே என்று செவிலியர்கள் நொந்துபோனார்கள்.

2016இல் வந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் சோதனையில் கிடைக்கும் எந்த மதிப்பெண்ணும் ஓர் அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது: படித்த தரவும் நாளை வரப்போகும் தரவும் ஒரே பரவலைச் சேர்ந்தவை, அதாவது ஒரே வகையானவை. தாய்லாந்தில் நோய் அதே நோய்தான். அது கேமராவுக்கு வந்து சேர்ந்த வழி வேறு. அறையின் விளக்கும் தரவில் ஒரு பகுதி என்பதை எந்த மதிப்பெண் பட்டியலும் சொல்வதில்லை.

ஒன்றை இந்த நிரலின் பக்கம் நின்று சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று அது சொன்னது. பழக்கமில்லாத தரவு வந்தாலும் தயங்காமல் விடை சொல்லும் நிரல்கள் ஏராளம்; அங்கே தவறு யார் கண்ணிலும் படாது. அதுதான் எனக்கு அச்சம் தருகிறது.

பிறகு விதியை மாற்றினார்கள்: மங்கலான படங்களை நிபுணர் பார்த்த பிறகே நோயாளியை அனுப்புவது என்று. 2022இல் வெளியான தாய்லாந்து ஆய்வில், 7,651 நோயாளிகளிடம் நிரலின் துல்லியம் 94.7 சதவீதம்.

உங்கள் ஊர் மருத்துவமனைக்கு இப்படியொரு கருவி வந்தால், துல்லியம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். யாருடைய படங்களில், எப்படிப்பட்ட அறையில் எடுத்த படங்களில் அது படித்தது என்றும் கேளுங்கள்.