ஒற்றைப் பொறி: போஸின் தூண்டுசுருளும் கெடிஸின் வாசிப்பும்

ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தா டவுன் ஹாலில் மின்னலைகளைச் செய்துகாட்டிய நிகழ்ச்சிக்கு இன்றுள்ள வடிவத்தைத் தந்தவர் பாட்ரிக் கெடிஸ். 1920இல் அவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில், அலைகள் லெப்டினன்ட் கவர்னரின் உடலையும் சுவர்களையும் ஊடுருவி, 75 அடிக்கு அப்பால் மணி அடிக்கவும் கைத்துப்பாக்கி வெடிக்கவும் காரணமாகின்றன. கெடிஸுக்கு இது வலிமையின் கதை. பின்வந்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மின்கலத்தின் சிறு அழுத்தத்தைப் பொறி பாயும் அளவுக்கு உயர்த்தும் தூண்டுசுருளைச் சிறிதாக்கி அடக்கியதுதான் போஸின் சாதனை.

1836இல் அயர்லாந்து அறிவியலாளர் காலன் தொடங்கிவைத்து, 1850களில் பாரிஸ் கருவித் தயாரிப்பாளர் ரம்கார்ஃப் பெயரால் பரவிய இந்தக் கருவியின் மதிப்பைப் பொறியின் நீளத்தை வைத்தே அளந்தார்கள். 1877இல் ஆங்கில அறிவியலாளர் ஸ்பாட்டிஸ்வுட்டுக்காகக் கருவித் தயாரிப்பாளர் ஆப்ஸ் கட்டிய சுருள் 42 அங்குலப் பொறி தந்தது. போஸ் எதிர்த்திசையில் போனார். 1897 ஜனவரி 29 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் விளக்கிய கருவியில் இருந்தது சிறிய சுருள். அதுவும் அலை வெளியே கசியாதபடி மின்கலத்தோடு சேர்த்து உலோகப் பெட்டிக்குள் அடைக்கப்பட்டிருந்தது. ஓயாமல் அதிர்ந்து சுற்றை முறிக்கும் வழக்கமான முறிப்பானை அவர் விலக்கினார். சாவியை ஒருமுறை தட்டினால் ஒரே ஒரு பொறி. ஓர் அளவீட்டுக்கு அது போதும்; தொடர்ந்து பொறி பாய்ந்தால் அது பாயும் உலோகக் குண்டுகளின் பரப்பு கெட்டுவிடும் என்பது அவர் சொன்ன காரணம்.

இந்த ஒற்றைப் பொறியைக் கெடிஸின் வாசிப்பு கணக்கில் கொள்ளவில்லை. துப்பாக்கியை வெடிக்க வைத்தது சுவர் கடந்து வந்த ஆற்றல் அல்ல. வந்தடைந்த மெல்லிய அலை, அதை உணரும் ஏற்பியின் மின்தடையைக் குறைத்தது. மீதி வேலையை அங்கேயே இருந்த மின்கலம் செய்தது. அப்படியானால் பெரிய சுருளுக்கு அங்கே வேலையே இல்லை. 1897இன் விளக்கத்தை டவுன் ஹால் நிகழ்ச்சிக்கும் பொருத்துவது என் ஊகம்தான். ஆனாலும் 1895 மே மாதம் ஆசியக் கழகத்தில் படித்த கட்டுரையிலேயே போஸ் படிகங்களில் மின்கதிர்களின் முனைவாக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவ்வளவு நுட்பமான சோதனைக்குக் கசிவற்ற சிறு கருவிதான் பொருந்தும்.

நிகழ்ச்சியின் தேதியும் உறுதியாக நிற்கவில்லை. 1894 நவம்பர் என்பார் உண்டு, 1895 நவம்பர் என்பார் உண்டு. கவர்னர் பெயரைச் சர் வில்லியம் மெக்கன்சி என்று பல நூல்கள் சொல்கின்றன. அந்தப் பதவியில் இருந்தவரோ சர் அலெக்சாண்டர் மெக்கன்சி. அவர் வங்காளத்தின் பொறுப்பேற்றது 1895 டிசம்பரில். அதுவரை இருந்தவர் சர் சார்லஸ் எலியட். மெக்கன்சி கவர்னராகவே வந்திருந்தால் இரண்டு நவம்பர்களும் அடிபடுகின்றன. பின்னாளில் பெற்ற பதவியை முன்தேதியிட்டு எழுதியிருந்தால் 1895 தப்பும். இப்போதைக்கு இந்த இரண்டு சாத்தியங்களுக்கும் இடம் விட்டுவைக்க வேண்டியதுதான்.

போஸ் பாதுகாப்பை எண்ணித்தான் இப்படிச் செய்தார் என்று வாதிட என்னிடம் சான்று இல்லை. அவர் சொன்ன காரணம் அளவீட்டைப் பற்றியது. ஆனால் விளைவு ஒன்றுதான்: சிறிய, அடக்கமான, ஒற்றைப் பொறிக் கருவி ஆபத்தும் குறைந்தது. மலேசியாவின் ஆயர் தாவார் ஊர்ப் பட்டறையில் பழைய காரிலிருந்து கழற்றிய இக்னிஷன் காயிலை வீட்டில் இயக்கிப் பார்க்க நினைக்கும் மாணவருக்கு ஸ்பாட்டிஸ்வுட்டை விட போஸே நல்ல வழிகாட்டி. 12 வோல்ட் பேட்டரியில் இயங்கும் அந்தக் காயில் பல்லாயிரம் வோல்ட் எழுப்பும். எனவே விரல் எடுத்தால் தானே அணையும் சாவி வேண்டும். பேட்டரி வயரைக் கழற்றாமல் பொறி இடைவெளியைத் தொடக்கூடாது. வெளி முனைகளில் லெய்டன் ஜாடி போன்ற மின்தேக்கி எதையும் சேர்க்கக்கூடாது. காயிலை நிறுத்திய பிறகும் மின்தேக்கி மின்னூட்டத்தை வைத்திருந்து ஆளைக் கொல்லக்கூடும். காற்று நீக்கிய பழைய குழாய்களை இணைத்தால் எக்ஸ் கதிர் கிளம்பலாம். பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர் அந்த அறையிலேயே இருக்கக்கூடாது. பொறியின் நீளத்தைக் கொண்டு திறமையை அளக்கும் பழக்கம் போஸ் காலத்திலேயே தேவையற்றுப் போய்விட்டது.