வர்க்கக் கணக்கும் சிறைக் கணக்கும்: லண்டன் முதல் பம்பாய் வரை பொதுவுடைமைக் கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகளின் சமூகப் பின்னணி

படிவமும் குழுவும்

இடதுசாரிக் கட்சிகளின் அகில இந்திய மாநாடுகளில், தகுதி ஆய்வுக் குழு என்று அழைக்கப்படும் ஒரு சிறு குழு, வந்திருக்கும் பிரதிநிதிகளின் வயது, கல்வி, தொழில், வர்க்கப் பின்னணி, கட்சியில் சேர்ந்த ஆண்டு, சிறையிலும் தலைமறைவிலும் கழித்த காலம் ஆகியவற்றைத் தொகுத்து அறிக்கை வைப்பது நெடுநாள் மரபாகும். பிரதிநிதிகள் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டனரா, வாக்குரிமை உள்ளவர் யார், பேச மட்டும் உரிமை பெற்றவர் யார் என்று சரிபார்ப்பதே இக்குழுவின் முதற்பணி. ஆயினும் இதற்காக நிரப்பி வாங்கப்பட்ட விவரப் படிவங்கள், காலப்போக்கில், கட்சி தன் சமூக உருவத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் கண்ணாடியாக மாறின.

அந்தக் கண்ணாடியில் தெரிந்த உருவம் கட்சியின் கோட்பாட்டோடு எப்போதும் ஒத்துப்போகவில்லை. தொழிலாளி வர்க்கத்தின் முன்னணிப் படை என்று தன்னை அறிவித்துக்கொண்ட கட்சியின் உச்ச அவையில் தொழிலாளிகள் சிறுபான்மையினராகவே அமர்ந்திருந்தனர். வர்க்கப் பத்தி தர மறுத்த தகுதியை, அதற்குப் பக்கத்திலேயே இருந்த சிறைப் பத்தி தந்தது என்பதும், அந்தச் சிறைப் பத்தியும் சமூக ஏற்றத்தாழ்விலிருந்து முற்றிலும் விலகி நிற்கவில்லை என்பதும் இக்கட்டுரை நிறுவ முனையும் கருத்துகளாகும்.

ரஷ்ய முன்மாதிரி

இம்மரபின் வேர் ரஷ்ய சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சியின் மாநாடுகளில் உள்ளது. 1903ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸில் தொடங்கி லண்டனில் முடிந்ததும், போல்ஷெவிக், மென்ஷெவிக் என்ற பிளவுக்கு வழிவகுத்ததுமான இரண்டாவது மாநாட்டில் 43 பிரதிநிதிகள் 51 வாக்குகளுடன் கலந்துகொண்டனர். அவர்களுள் தொழிலாளிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. 1905இல் நடந்த மூன்றாவது மாநாட்டில், கட்சிக் குழுக்களில் தொழிலாளிகளைப் பெருமளவில் சேர்க்க வேண்டும் என்று லெனின் வற்புறுத்தியபோது, குழுக்களை நடத்திவந்த ஊழியர்கள் தகுதியான தொழிலாளிகள் கிடைப்பதில்லை என்று மறுத்துரைத்தனர். அதே ஆண்டின் இறுதியில், புரட்சி அலை உயர்ந்திருந்த வேளையில், ஓர் அறிவுத்துறையினருக்குப் பல நூறு தொழிலாளிகள் என்ற விகிதம் வேண்டும் என்று அவர் எழுதினார். அறிவுத்துறையினர் என்ற சொல் இங்கு எழுத்தாளரையும் பேராசிரியரையும் மட்டும் குறிப்பதன்று. கல்வியை மூலதனமாகக் கொண்டு பிழைக்கும் வழக்கறிஞர், ஆசிரியர், மருத்துவர், மாணவர் முதலிய நடுத்தர வகுப்பினர் அனைவரையும் அது தழுவும்.

1907 மே 13 முதல் ஜூன் 1 வரை நடந்த ஐந்தாவது மாநாடு இவ்வகையில் மிகச் செறிவான சான்றாகும். கோபன்ஹேகனில் இடம் மறுக்கப்பட்ட பிரதிநிதிகள் லண்டன் வந்து, சவுத்கேட் சாலையிலிருந்த சகோதரத்துவத் தேவாலயத்தில் கூடினர். நாட்கள் நீண்டு கைப்பணம் கரைந்தபோது, ஜோசஃப் ஃபெல்ஸ் என்ற சோப்புத் தொழிலதிபரிடம் 1,700 பவுன் கடன் பெற்று, கடன் பத்திரத்தில் பிரதிநிதிகளே கையொப்பமிட்டனர். முதலாளி ஒருவரின் கடனால் நடந்து முடிந்த இம்மாநாட்டில் ஏறத்தாழ 336 பேர் கலந்துகொண்டனர். அவர்களுள் உடலுழைப்புத் தொழிலாளிகள் 116 பேர், அதாவது மூன்றில் ஒரு பங்கினரைவிடச் சற்றே அதிகம்.

பேச்சுரிமை மட்டும் பெற்று டிஃப்லிஸிலிருந்து வந்திருந்த ஸ்டாலின், ஊர் திரும்பியபின் எழுதிய மாநாட்டுக் குறிப்புகளில் இந்த எண்ணைப் பிரிவுவாரியாகப் பிரித்துக் காட்டினார். போல்ஷெவிக்குகளில் 38 பேரும், மென்ஷெவிக்குகளில் 30 பேரும், போலந்துப் பிரிவில் 27 பேரும், லாட்வியப் பிரிவில் 12 பேரும், பண்ட் எனப்பட்ட யூதத் தொழிலாளர் அமைப்பில் 9 பேரும் தொழிலாளிகள். விகிதத்தில் பார்த்தால் போலந்துப் பிரிவு 61 விழுக்காட்டுடன் முதலிடத்திலும் பண்ட் 15 விழுக்காட்டுடன் கடைசியிலும் நின்றன. தொழில்முறைப் புரட்சியாளர்கள், அதாவது வேறு பிழைப்பின்றிக் கட்சிப் பணியையே முழுநேர வாழ்வாகக் கொண்டவர்கள், மொத்தம் 56 பேர். அவர்களுள் மென்ஷெவிக்குகள் 22, போல்ஷெவிக்குகள் 18. போல்ஷெவிக்குகளைப் படித்தவர் கூட்டம் என்று ஓயாது சாடிவந்த மென்ஷெவிக்குகளிடமே தொழிலாளிகள் குறைவாகவும் தொழில்முறைப் புரட்சியாளர்கள் மிகுதியாகவும் இருந்ததை அவர் ஏளனத்தோடு சுட்டினார். பிரதிநிதிகளின் சமூகப் பின்னணி உட்கட்சிப் போரில் படைக்கலமாகப் பயன்பட்டதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

இப்பகுப்பில் ஓர் இடர்ப்பாடும் புதைந்திருந்தது. ஆலையை விட்டு வெளியேறிக் கட்சிப் பணியில் முழுநேரமாக இறங்கிய நெசவாளி தொழிலாளிப் பத்தியில் இடம்பெறுவதா, தொழில்முறைப் புரட்சியாளர் பத்தியில் இடம்பெறுவதா? பிறப்பால் வந்த வர்க்கம், செய்துவந்த தொழில், இப்போதைய வாழ்க்கை ஆகிய மூன்றும் ஒரே மனிதரை மூன்று பத்திகளுக்கு இழுத்தன. இந்தக் கேள்விக்கு விடை காணாமலேயே பின்வந்த மாநாடுகளும் படிவங்களை நிரப்பின.

1917ஆம் ஆண்டு கோடையில், லெனின் தலைமறைவாக இருந்த நேரத்தில், பெத்ரோகிராடில் கூடிய ஆறாவது மாநாட்டில் படிவத்தின் அழுத்தம் இடம்மாறியது. டிராட்ஸ்கி தமது ரஷ்யப் புரட்சி வரலாற்றில் எடுத்தாளும் விவரப்படி, படிவம் நிரப்பிய 171 பிரதிநிதிகள் சிறையில் கழித்த காலம் மொத்தம் 245 ஆண்டுகள். அவர்களுள் 150 பேர் 549 முறை கைதானவர்கள். எவர் எங்கிருந்து வந்தார் என்ற கேள்வியோடு எவர் எவ்வளவு இழந்தார் என்ற கேள்வியும் சமமாக வந்து அமர்ந்தது.

பம்பாய், 1943

இந்தியப் பொதுவுடைமைக் கட்சியின் முதல் மாநாடு 1943 மே 23 முதல் ஜூன் 1 வரை பம்பாயில் நடந்தது. 1925 டிசம்பரில் கான்பூரில் சிங்காரவேலர் தலைமையில் கூடிய கூட்டத்துக்குப் பின், வெளிப்படையாகவும் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளோடும் இத்தகைய மாநாடு கூடுவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கும் மேல் ஆயின. பொதுவுடைமைத் தலைவர்கள் மீதான மீரட் சதி வழக்கும், 1934இல் விதிக்கப்பட்ட தடையும், 1942 ஜூலை வரை நீடித்த தலைமறைவு வாழ்வும் அதற்குக் காரணங்கள். பாசிச எதிர்ப்புப் போரை ஆதரித்ததால் தடை நீங்கிய ஓராண்டுக்குள் கட்சியின் உறுப்பினர் எண்ணிக்கை பன்மடங்காகி 15,000ஐத் தாண்டியிருந்தது. மாநாட்டுக்குச் சற்று முன்னதாக, மே 15 தேதியிட்ட தீர்மானத்தின் வழியாக, உலகப் பொதுவுடைமைக் கட்சிகளை வழிநடத்திவந்த கம்யூனிஸ்ட் அகிலத்தைக் கலைக்கும் முன்மொழிவும் வெளிவந்திருந்தது. எனவே யாருடைய கட்சி இது என்ற கேள்விக்கு இந்தியக் கட்சி இனித் தன் சொந்தப் பெயரில் விடை கூற வேண்டிய தருணம் அது.

மாநாட்டில் கலந்துகொண்ட 139 பிரதிநிதிகளின் வர்க்கப் பகுப்பு வருமாறு: தொழிலாளர் 22, விவசாயிகள் 25, அறிவுத்துறையினர் 86, நிலவுடைமையாளர் 3, சிறு நிலவுடைமையாளர் 2, சிறு வணிகர் 1. தொழிலாளரையும் விவசாயிகளையும் கூட்டினாலும் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். அறிவுத்துறையினரோ ஏறத்தாழ 62 விழுக்காடு. மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் 35 வயதை எட்டாதவர்கள். இவ்வளவு இளையோர் அவையில், ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் ஒருமுறையேனும் சிறை சென்றவர்கள் என்பதும், அவர்கள் சிறையில் கழித்த காலம் மொத்தம் 411 ஆண்டுகள் என்பதும் அறிக்கையில் பதிவாயின. சிறை சென்றவர்களுக்குள் பகிர்ந்து பார்த்தால் ஆளுக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் வருகிறது. 35 வயதுக்குட்பட்ட ஒருவரின் வாழ்வில் இது சிறு பகுதியன்று.

படித்தோர் மிகுதியின் காரணங்கள்

அறிவுத்துறையினரின் மிகுதியைத் தலைமையின் விருப்பத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது. கட்சி ஆள் சேர்த்த வாயில்களே அதைத் தீர்மானித்தன. முதலாவதாக, அந்தமான் சிறையில் 1935இல் உருவான கம்யூனிஸ்ட் ஒருங்கிணைப்புக் குழுவின் வழியாகப் பொதுவுடைமைக்கு மாறிய வங்கப் புரட்சி இளைஞர்கள் பெரும்பாலும் பத்ரலோக் எனப்பட்ட படித்த மேல்சாதிக் குடும்பத்தினர். இரண்டாவதாக, 1934இல் தோன்றிய காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி, கேரளத்திலும் தமிழகத்திலும் பி. கிருஷ்ணபிள்ளை, ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு, ப. ஜீவானந்தம், பி. ராமமூர்த்தி போன்றோர் பொதுவுடைமைக் கட்சிக்கு வந்துசேர்ந்த பாலமாக அமைந்தது. மூன்றாவதாக, 1936இல் லக்னோவில் அமைந்த அகில இந்திய மாணவர் சம்மேளனம் கல்லூரிகளைக் கட்சியின் நாற்றங்காலாக ஆக்கியது.

பம்பாயில் 1928 பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் வளர்ந்த கிர்ணி காம்கார் சங்கம் காட்டியதுபோல், தொழிலாளிகளுக்குப் போராட்ட ஆற்றல் குறைவில்லை. ஆனால் பிரதிநிதியாகும் பாதை பல படிகளைக் கொண்டது. கிளையிலிருந்து வட்டாரத்துக்கும், அங்கிருந்து மாகாணத்துக்கும், அங்கிருந்து அகில இந்திய அவைக்கும் தேர்வாகும் ஒவ்வொரு படியிலும், பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மத்தியக் குழு ஆவணங்களைப் படித்து விவாதிக்க வல்லவரும், பத்து நாள் ஊதியத்தை இழந்து பயணம் செய்ய இயன்றவரும் முன்னுரிமை பெற்றனர். ஆலைத் தொழிலாளிக்குப் பத்து நாள் விடுப்பு என்பது வேலையே போவதற்குச் சமம். கட்சியின் முழுநேர ஊழியருக்கோ மாநாடே வேலை.

சிறைக்குள் இருந்த வகுப்பு

சிறைப் பத்தி இந்த இடைவெளியை நிரப்பியது. பட்டம் பெற்றும் பதவியை நாடாமல் காவலில் கிடந்தவர், தம் வர்க்கத்தைத் துறந்தவராகக் கருதப்பட்டார்; வர்க்கம் துறத்தல் என்ற அக்காலச் சொற்றொடர் துறவறத்தின் சாயலைக் கொண்டிருந்தது தற்செயலன்று. ஆனால் சிறையும் சமூகத்தின் படிநிலையை உள்ளே அனுமதித்த இடமே. பிரிட்டிஷ் ஆட்சி கைதிகளை அவர்களுடைய கல்வி, சமூக அந்தஸ்து, வாழ்க்கை முறை ஆகியவற்றை அளவாகக் கொண்டு ஏ, பி, சி என்று வகுப்புப் பிரித்தது. படித்த கைதிக்குப் புத்தகமும் கட்டிலும் கிடைக்க வாய்ப்பிருந்த அதே சிறையில், வேலைநிறுத்தத்தில் கைதான தொழிலாளி சி வகுப்பில் கேழ்வரகுக் களியும் கடும் உழைப்புமாகக் காலம் தள்ள நேர்ந்தது. முன்னவரின் சிறைவாசம் கோட்பாட்டுப் பயிற்சியாகவும், பின்னவருடையது குடும்பத்தின் பட்டினியாகவும் முடிந்தாலும், படிவத்தில் இரண்டும் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒரே அளவில்தான் எழுதப்பட்டன.

மாநாட்டுக்கு இரண்டு மாதம் முன்பு, 1943 மார்ச் 29 அன்று, கண்ணூர்ச் சிறையில் கையூர் விவசாயப் போராளிகள் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். தியாகக் கணக்கின் உச்சத்தில் நின்ற அவர்கள் வடமலபாரின் கிராமத்தினர். தூக்குமேடைக்குச் சென்றவர்களின் சமூகப் பின்னணியும் மாநாட்டு மேசைக்கு வந்தவர்களின் சமூகப் பின்னணியும் எவ்வளவு வேறுபட்டிருந்தன என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

வர்க்கத்துக்கு வெளியே இருந்த பத்திகள்

பம்பாய் அறிக்கை வர்க்கத்தோடு நிற்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 139 பேரில் பெண்கள் 13, முஸ்லிம்கள் 13, அன்றைய வழக்கில் தீண்டப்படாதோர் என்று பதிவான ஒடுக்கப்பட்ட சாதியினர் 8, சீக்கியர் 3, பார்சிகள் 2, சமணர் 1 என்று அது எண்ணியது. மதவாரி எண்ணிக்கைக்கு உடனடி அரசியல் காரணம் இருந்தது: 1942 செப்டம்பரில் கட்சித் தலைவர்களுள் ஒருவரான ஜி. அதிகாரி முன்வைத்த தேசிய இனங்கள் பற்றிய நிலைப்பாட்டின் வழியாக, முஸ்லிம் பெரும்பான்மை கொண்ட தேசிய இனங்களின் தன்னுரிமையைக் கட்சி ஏற்றிருந்தது. அந்நிலையில் தன் அவையில் முஸ்லிம்கள் எத்தனை பேர் என்பதைச் சொல்லும் கடப்பாடு அதற்கு ஏற்பட்டது. சாதியைப் பொறுத்தவரை, ஒடுக்கப்பட்டோரை மட்டும் எண்ணிய அறிக்கை மற்ற சாதிகளை எண்ணவில்லை. எனவே அறிவுத்துறையினர் 86 பேரின் சாதி எது என்ற கேள்வி வர்க்கப் பத்திக்குள் அடங்கிப் போயிற்று.

இதன் விளைவைத் தஞ்சைப் பகுதி கிட்டத்தில் காட்டுகிறது. 1940களில் அங்குப் பண்ணையாட்களைத் திரட்டிய பி. சீனிவாசராவ் கன்னடப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். சவுக்கடி, சாணிப்பால் ஆகிய பண்ணைத் தண்டனைகளுக்கு எதிராகச் சேரிகளில் தங்கிச் சங்கம் கட்டியவர். அதே மண்ணிலிருந்து எழுந்த களப்பால் குப்பு ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த விவசாயத் தொழிலாளர் தலைவர். 1948இல் திருச்சிச் சிறையில் உயிர்நீத்தார். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையான 22 கைதிகளும் கட்சியின் நினைவேட்டில் நிலைத்தனர். 1953 டிசம்பர் இறுதியில் மதுரையில் மூன்றாவது மாநாடு தொடங்கியபோது, தென்னிந்தியச் சிறைக் கணக்கின் பெரும்பங்கைச் செலுத்தியிருந்தவர்கள் உழைப்பாளிகளே.

எண்களின் பிந்தைய வாழ்வு

1964இல் கட்சி பிளவுபட்ட பின்னரும் இரு கட்சிகளும் இப்படிவ மரபைக் கைவிடவில்லை. ஆனால் விடுதலைக்குப் பிந்தைய தலைமுறையில் நெடுஞ்சிறை அனுபவம் அருகிய நிலையில், சிறைப் பத்தி முன்போல் வர்க்கப் பத்தியின் குறையை மூடித்தர இயலவில்லை. சாதி, பாலினம் பற்றிய கேள்விகள் அந்த வெற்றிடத்தில் உரத்து ஒலித்தன. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி (மார்க்சிஸ்ட்) அரசியல் தலைமைக் குழுவில் 2005இல் பிருந்தா காரத் முதல் பெண்ணாகவும், 2022 கண்ணூர் மாநாட்டில் ராமச்சந்திர டோம் முதல் தலித்தாகவும் இடம்பெற்றனர். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளராக 2019இல் டி. ராஜா தேர்வானபோது, அப்பொறுப்புக்கு வந்த முதல் தலித் என்று அவர் குறிப்பிடப்பட்டார்.

1943ஆம் ஆண்டு அறிக்கையில் ஒடுக்கப்பட்டோர் 8 என்ற எண் பதிவானதற்கும் இவ்விரு தலித் தலைவர்களின் தேர்வுகளுக்கும் இடையே எழுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் ஓடியுள்ளன. அந்த 8 என்ற எண்ணை எழுதிவைத்த குழு அதற்கு விளக்கம் தரக் கடமைப்பட்டதாகக் கருதவில்லை. 22 என்ற தொழிலாளர் எண்ணுக்குத்தான் விளக்கம் தேவைப்பட்டது, அந்த விளக்கத்தை 411 சிறையாண்டுகள் தந்தன. பிரதிநிதிப் பட்டியலை வரலாற்றுச் சான்றாகக் கையாள்வோர், அதன் பத்திகளைத் தனித்தனியே படிக்காமல், எந்தப் பத்தியின் குறையை எந்தப் பத்தி ஈடுசெய்தது என்று சேர்த்துப் படிக்க வேண்டியது இதனாலேயே.