தொலைவின் விலை: வாழத்தக்க நகருக்கான ஓர் அளவுகோல் குறித்து

உலகின் வாழத்தக்க நகரங்களைத் தரவரிசைப்படுத்தும் பட்டியல்கள் ஆண்டுதோறும் வெளியாகின்றன. அவற்றுள் பெரிதும் எடுத்தாளப்படுவது எகனாமிஸ்ட் இன்டலிஜன்ஸ் யூனிட் வெளியிடும் குறியீடு. 173 நகரங்களை நிலைத்தன்மை, மருத்துவம், பண்பாடும் சுற்றுச்சூழலும், கல்வி, உள்கட்டமைப்பு என்னும் ஐந்து தலைப்புகளில் அது மதிப்பிடுகிறது. 2018, 2019, 2022, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் அதில் வியன்னா முதலிடம் பெற்றது. 2025இல் அவ்விடம் கோபன்ஹேகனுக்குப் போனது. இந்தக் குறியீட்டின் பயன்களில் ஒன்றை நாம் அதிகம் பேசுவதில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் தம் அலுவலரை வேற்று நகரங்களுக்கு அனுப்பும்போது எவ்வளவு சிரமப்படி வழங்கலாம் என்று கணக்கிட அது கைகொடுக்கிறது. அப்படி வருபவருக்கு வாடகையை நிறுவனம் கொடுக்கும், வண்டியும் வாசலுக்கு வரும். அந்நகரில் பாத்திரம் துலக்குபவரும் மீன் விற்பவரும் எங்கிருந்து எப்படி வந்து சேர்கிறார்கள் என்பது அவருடைய சிரமங்களில் சேராது. அவர் கண்கொண்டு அளக்கும் குறியீட்டில் அந்தக் கேள்விக்கு இடம் கிடைப்பதும் அரிது.

அந்தக் கேள்வியையே முதற்கேள்வியாக வைக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். ஒரு நகரில் மிகக் குறைந்த கூலி பெறும் குடும்பம் தன் வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அருகில், வெளியேற்றப்படுவோம் என்ற அச்சமின்றிக் குடியிருக்க முடிகிறதா? முடிந்தால் அந்நகரின் பூங்காவும் நூலகமும் கடற்கரையும் எல்லாருக்கும் உரியவை. முடியாவிட்டால் அவை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு பகுதியினருக்கே பயன்படும். சென்னையின் அரை நூற்றாண்டுக் குடியிருப்புக் கொள்கையை இந்த அளவுகோலால் பார்க்கலாம். ஒப்பிட வியன்னாவை எடுத்துக்கொள்கிறேன். பட்டியலில் முதலிடம் பெற்ற நகரம் என்பது அதற்குக் காரணமன்று. இரு நகரங்களும் ஒரே கேள்வியைச் சந்தித்து, தொடக்கத்தில் ஏறத்தாழ ஒரே விடையைச் சொன்னவை.

சென்னை சொன்ன விடையிலிருந்து தொடங்கலாம். 1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைந்தது. அடுத்த ஆண்டே அதற்கான சட்டமும் வந்தது. சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் அச்சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்டன. அன்றைய வாரியத்தின் அடிப்படைக் கொள்கை, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி வீடு கட்டித் தருவது. மயிலாப்பூர்க் கடற்கரையோர நொச்சிக்குப்பத்தில் மீனவர் குடிசைகள் இருந்த இடத்தில் எழுந்த குடியிருப்புகள் இதற்கு நல்ல சான்று. வலை உலர்த்தவும் படகைப் பார்த்துக்கொள்ளவும் விடியலில் மீனை ஏலத்தில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகவும் கடல் பக்கத்தில் இருக்க வேண்டும். வாரியம் அதை உணர்ந்தே கட்டியது. அந்தக் கட்டடங்களின் தரம் பற்றிய குறைகள் உண்மையானவை. பராமரிப்பு போதாமையால் பல விரைவில் பாழடைந்தன. ஆயினும் அவற்றில் குடியிருந்தவர் மயிலாப்பூர்க்காரராகவே நீடித்தார்.

1977இல் உலக வங்கியின் துணையோடு தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டம் வேறொரு வழியைக் காட்டியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் சாலையும் தண்ணீரும் கழிவுநீர் வசதியும் அமைத்த மனைகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. மக்கள் கையில் காசு சேரச் சேர வீட்டை எழுப்பிக்கொண்டார்கள். சிறிய மனைகளோடு பெரிய மனைகளும் கலந்திருந்ததால் பல வருவாய்ப் பிரிவினர் அடுத்தடுத்த தெருக்களில் வாழ நேர்ந்தது. அன்று நகர விளிம்பாக இருந்த அப்பகுதிகள் இன்று நகரின் நடுவே பரபரப்பான பேட்டைகள். குறை வருவாயினர்க்கென வகுத்த இடமும் ஊராக வளர முடியும் என்பதற்கு இவற்றைவிட நல்ல சான்று சென்னையில் எனக்குத் தெரியவில்லை.

பின்னர் திசை மாறியது. 1985இல் 17 பகுதிகள் சேர்க்கப்பட்டதோடு, குடிசைப் பகுதிகளை அறிவிக்கும் பணி நின்றுபோனது. அறிவிக்கப்படாத பகுதிக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. அங்கு வாழ்வோர் ஆவணங்களில் ஆக்கிரமிப்பாளர் மட்டுமே. 2000ஆம் ஆண்டை ஒட்டி ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகரும், தொடர்ந்து செம்மஞ்சேரியும், அடுத்துப் பெரும்பாக்கமும் எழுந்தன. கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேற்பட்டவை. கூவம், அடையாற்றங்கரைகளிலிருந்தும் மேம்பாலத்துக்கும் சாலைக்கும் இடம் தேவைப்பட்ட பேட்டைகளிலிருந்தும், 2004 சுனாமிக்குப் பின் கடற்கரைகளிலிருந்தும் குடும்பங்கள் அங்கே கொண்டுபோய் விடப்பட்டன. பெரும்பாலோர் விட்டுவந்த இடத்துக்கும் புது வீட்டுக்கும் இடையே இருபது கிலோமீட்டர் அளவில் தொலைவு.

இருபது கிலோமீட்டர் என்றால் என்ன என்பதை வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணின் நாளை வைத்தே கணக்கிட வேண்டும். காலை ஆறு மணிக்கு ஒரு வீட்டில் வாசல் தெளித்து, ஒன்பதுக்குள் இன்னொரு வீட்டில் பாத்திரம் துலக்கி, பதினொன்றுக்கு மூன்றாவது வீட்டில் துணி துவைத்துவிட்டு, இடையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டு வருவது அவர் வேலையின் ஒழுங்கு. நடந்து போகும் தூரத்தில் வீடு இருந்தால்தான் இந்த ஒழுங்கு நிற்கும். ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் என்று கொண்டால், மாதம் 25 வேலை நாளில் 75 மணி நேரம் பேருந்தில் கழிகிறது. எட்டு மணி நேர வேலைநாளாக அதை மாற்றினால் ஒன்பது நாளுக்கும் மேல். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கலாம். இது பெரிய உதவி. அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. டிக்கெட் காசு மிச்சமானதால் வேலைக்குப் போக முடிந்த பெண்கள் பலர். ஆனால் பேருந்துக்குச் செலவான மணி நேரத்தை எந்தச் சலுகையாலும் திருப்பித் தர முடியாது. ஆறு மணி வேலையை விட்டால் அந்த வீட்டுச் சம்பளம் போய்விடும். அம்மா வீடு திரும்பும்வரை பிள்ளை யார் பொறுப்பில் இருக்கும் என்பது அடுத்த கவலை.

பணத்தில் எளிதாக அளக்க முடியாத இழப்பும் உண்டு. பழைய பேட்டையில் பெட்டிக்கடைக்காரர் கடன் தருவார், பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள், வேலை காலியானால் தகவல் சொல்ல நாலு பேர் இருப்பார்கள். ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் அமெரிக்கப் பெருநகரங்களைப் பற்றி எழுதிய நூலில், பல வகைப் பயன்பாடு கலந்த தெருக்களும் பழைய கட்டடங்களும் அடர்ந்த குடியிருப்பும் சேர்ந்தே நகரத்தின் பாதுகாப்பையும் பொருளாதாரத்தையும் தாங்குகின்றன என்று வாதிட்டார். சென்னைக் குடிசைப் பகுதிகளில் அவர் சொன்ன இயல்புகள் பலவும் இருந்தன. வெவ்வேறு பேட்டைகளிலிருந்து குலுக்கல் முறையில் வீடு ஒதுக்கி மக்களைக் கலைத்துப் போட்டபோது, ஒருவரையொருவர் அறியாத பல்லாயிரம் பேர் ஒரே வளாகத்தில் வாழ நேர்ந்தது. பிறகு அவ்விடங்களின் பெயர் குற்றச் செய்திகளோடு ஒட்டிக்கொண்டது. முகவரியைக் கேட்டதும் வேலை தர மறுப்போர் உருவானார்கள். ஒரு முகவரியே தண்டனையாக மாறும் நிலையை நகர் வளர்ச்சி என்று அழைப்பது எனக்கு ஏற்புடையதன்று.

இதற்கு இரண்டு மறுப்புகள் சொல்லப்படுகின்றன. ஆற்றங்கரையில் வாழ்வது ஆபத்து, நீர்வழி ஆக்கிரமிப்பு வெள்ளத்துக்குக் காரணம் என்பது முதலாவது. ஆபத்து உண்மைதான், 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது கரையோரக் குடிசைகள் அடித்துச் செல்லப்பட்டதை மறக்க முடியாது. ஆனால் அதே மழையில் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் வெள்ளத்தில் தத்தளித்தன. அவை பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்நிலப் பகுதியில் அமைந்தவை. ஆற்றுவெள்ளத்திலிருந்து மீட்டவர்களைச் சதுப்புநில வெள்ளத்தின் அருகில் குடியமர்த்திவிட்டுப் பாதுகாப்பைக் காரணம் காட்டுவது வலுவான வாதமாகாது. நீர்வழி என்றால் எல்லாருக்கும் நீர்வழியாக இருக்க வேண்டும். பக்கிங்காம் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. 1920களில் மாம்பலத்து ஏரியைத் தூர்த்து அரசே தியாகராய நகரை அமைத்தது. இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு ஓலைக் கூரையிடம் மட்டும் நீரியல் பேசுவது நியாயமன்று.

நகரின் நடுவே நிலம் விலை அதிகம், ஏழைகளுக்கு அங்கே வீடு கட்டித் தர அரசிடம் பணம் இல்லை என்பது இரண்டாவது மறுப்பு. இது கனமானது. வியன்னாவின் அனுபவம் இங்கேதான் பயன்படுகிறது.

முதல் உலகப் போருக்குப் பின் வியன்னா செல்வம் கொழித்த நகரமன்று. பேரரசு சிதைந்து, சின்னஞ்சிறு குடியரசின் தலைநகராகச் சுருங்கி, பணவீக்கத்திலும் காசநோயிலும் தவித்த ஊர். தொழிலாளர் ஒண்டுக்குடித்தன அறைகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். படுக்கையை மட்டும் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துத் தூங்கியவர்களும் இருந்தார்கள். 1919 முதல் சமூக ஜனநாயகக் கட்சி நகரை ஆண்டது. 1922 ஜனவரி முதல் நாள் வியன்னா தனி மாநிலமாயிற்று. அதனால் வரி விதிக்கும் அதிகாரம் நகரின் கைக்கு வந்தது. நிதிப் பொறுப்பிலிருந்த ஹூகோ பிரைட்னர் 1923இல் வீட்டு வரி ஒன்றைக் கொண்டுவந்தார். சிறு வீடுகளுக்குப் பெயரளவில்தான் வரி. மாளிகைகளுக்கு விகிதம் செங்குத்தாக ஏறியது. விலையுயர்ந்த அரை விழுக்காட்டு வீடுகளிலிருந்தே அவ்வரியின் ஏறத்தாழ 45 விழுக்காடு வந்தது. 1934 வரை 60,000க்கும் மேற்பட்ட நகராட்சி வீடுகள் கட்டப்பட்டன.

அவற்றுள் புகழ்பெற்ற கார்ல் மார்க்ஸ் ஹோஃப் 1930இல் திறக்கப்பட்டது. கார்ல் என் வடிவமைத்த, ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கட்டடம் அது, 1,382 வீடுகள். மனைப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் கட்டடம், மற்றது முற்றமும் தோட்டமும். வளாகத்துக்குள்ளேயே சலவைக்கூடம், மழலையர் பள்ளி, நூலகம், மருத்துவ உதவி. எதிரே ஹைலிகன்ஷ்டாட் ரயில் நிலையம். வேலைக்குப் போகும் வழி வாசலிலேயே இருந்தது என்பதை இந்தக் கட்டடத்தைப் பற்றிய எல்லாச் செய்திகளிலும் முதன்மையானதாக நான் கருதுகிறேன். 1990களில் பெண்களை முன்னிறுத்தி அந்நகர் திட்டமிட்ட ஃபிரௌவன் வெர்க் ஷ்டாட் குடியிருப்பிலும் இதே நோக்கின் தொடர்ச்சியைக் காணலாம். தளந்தோறும் குழந்தை வண்டி நிறுத்த இடம், வளாகத்திலேயே மழலையர் பள்ளி, விளையாடும் பிள்ளைகளைச் சமையலறையிலிருந்தே பார்க்கும் வசதி எனத் தாயின் ஒரு நாளை அளந்து அதை வரைந்தார்கள்.

வியன்னாவை அப்படியே பெயர்த்துக்கொண்டுவர முடியாது. போர்க்கால வாடகைக் கட்டுப்பாட்டால் தனியார் நிலத்தின் மதிப்பு வீழ்ந்திருந்ததும், நகராட்சி அதை மலிவாக வாங்க முடிந்ததும் அக்காலத்துக்கே உரிய சூழல்கள். குறைகளும் உண்டு: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து குடியேறியவர்க்கு நகராட்சி வீடுகள் 2006வரை பெரும்பாலும் மூடிக்கிடந்தன. இருந்தும் இரண்டு முடிவுகள் கற்கத்தக்கவை. ஒன்று, கட்டிய வீட்டை நகரம் விற்கவில்லை. இன்றும் ஏறத்தாழ 2,20,000 வீடுகள் அதன் உடைமை. மற்றது, நடுத்தர வருவாயினரும் விண்ணப்பிக்கும்படி வருவாய் வரம்பை உயர்த்தி வைத்தது. நகர மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் நகராட்சி வீட்டிலோ அரசு உதவி பெற்ற வீட்டிலோ வாழும்போது, அந்த முகவரியைச் சொல்ல யாரும் கூச வேண்டியதில்லை.

பணத்தை விட அதிகாரமே முதன்மை என்பது இதிலிருந்து தெளிவாகிறது. வரி விதிக்கவும் நிலம் வாங்கவும் உரிமை பெற்ற, குடியிருப்போரின் வாக்கால் அமைந்த நகராட்சி வியன்னாவில் இருந்தது. 1688இல் தோன்றிய சென்னை மாநகராட்சி தொன்மையானது. ஆனால் வீட்டுவசதி அதன் கையில் இல்லை, மாநில வாரியத்திடம் இருக்கிறது. 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரியில் நடந்த தேர்தல்வரை மாமன்றமே இல்லை. ஆற்றங்கரைகளிலிருந்து பெருமளவில் குடும்பங்கள் அகற்றப்பட்ட ஆண்டுகள் அவை. தம் வார்டு உறுப்பினரிடம் போய் முறையிட அவர்களுக்கு வார்டு உறுப்பினர் இல்லை. பெரும்பாக்கம் கட்டப்பட்டதோ மாநகராட்சி எல்லைக்கு வெளியே, ஊராட்சிப் பகுதியில். அங்கே அனுப்பப்பட்டவர் தாம் வேலை செய்யும் நகரின் வாக்காளர் பட்டியலிலிருந்தே விலக நேர்ந்தது.

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாகக் காட்டுகிறது. மீன் விற்பவரும் குயவரும் கொல்லரும் ஒருபுறம், அரசவீதியும் செல்வர் மனைகளும் மறுபுறம். இரண்டுக்கும் இடையில் நாளங்காடி. அந்த நகரமும் தொழிலாலும் பிறப்பாலும் பிரிந்து கிடந்ததுதான். அதைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அங்காடியை இரு பாக்கத்தாரும் நடந்தே அடைந்தனர். நம் காலத்துப் பிரிவினையில் அந்த நடைதூரமும் போய்விட்டது.

2021இல் வாரியம் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. 1970களில் கட்டிய பழைய குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் உயரமாகக் கட்டும் பணி இப்போது நடக்கிறது. புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் 2021இல் சுவர்ப்பூச்சு கையோடு பெயர்ந்த செய்தி தரத்தைப் பற்றிக் கடுமையான எச்சரிக்கை தந்தது. அதற்காக, இருந்த இடத்திலேயே கட்டும் கொள்கையைக் கைவிடக் கூடாது. நகரின் நடுவே பொது உடைமையாக எஞ்சியிருக்கும் இந்த நிலங்களில் எழும் கூடுதல் தளங்களில் முதல் உரிமை, அதே வட்டாரத்தில் ஆற்றோரத்திலிருந்து அகற்றப்பட இருக்கும் குடும்பங்களுக்கு இருக்க வேண்டும். 1985இல் நின்ற குடிசைப் பகுதி அறிவிப்பும் மீண்டும் தொடங்க வேண்டும். இரண்டுக்கும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டமே போதும்.