ரெண்டு பட்டனும் ஒரு பூட்டின கதவும்

ஒரு கேம் கஷ்டமெண்டால் "பழகினால் சரியாகிடும்" எண்டு நாங்கள் லேசாகச் சொல்லிவிடுகிறோம். எல்லாருடைய கையும் ஒரே மாதிரி எண்ட நினைப்பு அதுக்குள்ள இருக்கு. அமெரிக்கன் ஃபுட்போல் கேம்களின் வரலாறு அதைத்தான் காட்டுது.

1989இல் அமெரிக்காவில் நின்டெண்டோவுக்கு வந்த 'டெக்மோ போல்' கேமில் அணிக்கு 9 பேர், நாலு ஆட்டத் திட்டம், ரெண்டு பட்டன். விதிகள் சரியாகத் தெரியாத பிள்ளையும் விளையாடலாம். ஆனால் 1988இலேயே 'ஜோன் மேடன் ஃபுட்போல்' வந்துவிட்டது. நிஜ ஆட்டம் போல அணிக்கு 11 பேர் வேண்டும் எண்டு நின்றவர் முன்னாள் பயிற்சியாளர் மேடன். கடைசியில் நிலைத்தது அந்த வழிதான். நிஜம் கூடக் கூட பட்டன்களும் கூடின.

2005இல் வெளியான 'மேடன் 06' கேமில், பந்தை எறிய முதல் வலது ஸ்டிக்கால் ஒரு 'பார்வைக் கூம்பை' பிடிப்பவர் பக்கம் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் குறி தவறும். விரல்கள் வேகமாக அசையாத ஒருவருக்கு, அவர் ஆட்டத்தைக் கரைத்துக் குடித்தவராக இருந்தாலும், அது பூட்டின கதவுதான்.

2019இல் இருந்து வெளியாகும் புதிய கேம்களில், வீரர்கள் தங்களுக்குள் பேசும் வசதி மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் எண்டு அமெரிக்கச் சட்டம் சொல்லுது. விளையாடும் முறையை அது தொடவில்லை. பேசுறதுக்குச் சட்டம் இருக்கு. விளையாடுறதுக்கு?