குருவானவர் இல்லாத காலத்தில்: மடு மாதாவும் என் அம்மம்மாவும்



சென்ற மாத ஞாயிறு உரையில் மடுத் திருப்பதியின் வரலாற்றைச் சொல்லும்போது, இடையே என் அம்மம்மாவைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை சொன்னேன். அதன்பின் அழைத்த நேயர்களில் பலர் மடுவை விட்டுவிட்டு அம்மம்மாவைப் பற்றியே விசாரித்தார்கள். எழுத்தில் தரும்படியும் கேட்டார்கள். இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை. ஆகவே இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

அம்மம்மா 2023 ஒக்டோபரில், தமது 96ஆவது வயதில், இங்கே சான் ஹோசேயில் காலமானார். மன்னார்ப் பெருநிலப்பரப்பில் அடம்பன் பக்கம் பிறந்தவர். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. நான் வணிகம் படித்து, மற்றவர்களின் வரவு செலவைப் பார்த்துச் சீவிப்பவன். எங்கள் இருவரில் வரலாறு தெரிந்தவர் யார் என்று கேட்டால், அவர்தான். அவரிடம் ஆண்டுகள் இல்லை. எது முதலில், எது பிறகு என்ற வரிசை மட்டும் பிசகாமல் இருந்தது. ஆண்டுகளை நான் பிறகு புத்தகங்களில் பார்த்து நிரப்பிக்கொண்டேன்.

எமது நேயர்களில் பெரும்பான்மையோர் சைவர்கள் என்பதால், சில விடயங்களை முதலிலிருந்தே சொல்லவேண்டியிருக்கிறது.

1544இல், புனித பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய ஒரு குருவானவரிடம் மன்னார்த் தீவில் பலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆட்கள் வந்து அவர்களில் ஏறக்குறைய அறுநூறு பேரைக் கொன்றார்கள். தோட்டவெளியில் வேதசாட்சிகளின் இராக்கினி கோயில் நிற்பது அவர்களின் நினைவாகத்தான். மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். போர்த்துக்கேயர் ஆட்சியைப் பிடித்தபின் 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கடைசி அரசனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். எங்கள் வேதம் அவர்களுடைய கப்பலில் வந்தது என்பதற்காக அதை நான் மறைக்கப் போவதில்லை. அம்மம்மாவும் மறைத்ததில்லை. "பறங்கியன் செய்தது பறங்கியனோட. மாதா என்ன செய்தவ?" என்பார்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிந்திய காலம். 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டார்கள். ஒரு குருவானவருக்கு ஒளிப்பிடம் கொடுத்தால் மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. கோயில்கள் ஒல்லாந்தரின் சபைக்குப் போயின. பிள்ளையின் பெயரும் கலியாணமும் அவர்களுடைய தோம்பில் பதியப்படாவிட்டால் சொத்துரிமையில் சிக்கல். தோம்பு என்பது பதிவேடு. சனங்கள் தோம்பில் ஒல்லாந்தச் சபை, வீட்டுக்குள் செபமாலை என்று இரண்டு கணக்கு வைத்துச் சீவித்தார்கள். என் தொழிலில் இரட்டைக் கணக்கு குற்றம். இந்தக் கணக்கை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன்.

யோசப் வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் வந்து இறங்கியது 1687இல். 1658இலிருந்து 1687வரை கழித்துப் பாருங்கள்: 29 ஆண்டுகள். பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லை, பூசை வைக்க ஆளில்லை. அவர் யாழ்ப்பாணத்தில் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு, வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அதைப் பார்த்து எந்த முகம் மாறுகிறது என்று கவனித்தார். முகம் மாறியவர்கள் இருந்தார்கள். சில்லாலையில் அவருக்கு ஒளிப்பிடம் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அந்த 29 ஆண்டுகளில் பிறந்த ஒரு பிள்ளைக்கு, செபமாலையைக் கண்டதும் அது என்னவென்று எப்படித் தெரிந்தது? யார் சொல்லிக்கொடுத்தது? புத்தகங்களில் அந்தப் பெயர்கள் இல்லை. அடுப்படியில் இருந்து அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொடுத்த கிழவிகளைத் தவிர வேறு யாராக இருக்கமுடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

வாஸ் அடிகளாருக்கு இது விளங்கியிருந்தது. தாம் ஓர் ஊரைவிட்டுப் போகும்போது அங்கே ஒரு மூப்பரையும் ஓர் அண்ணாவியாரையும் நியமித்துவிட்டுப் போனார். குருவானவர் வரும்வரை செபம் நடத்துவதும், சாகக்கிடப்பவருக்குத் துணையிருப்பதும், பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிப்பதும் அவர்கள் பொறுப்பு. அவருக்குப் பின் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். தபசுகாலத்தில் எங்கள் பக்கம் ஒப்பாரி போல ராகத்தோடு வாசிக்கும் வியாகுலப் பிரசங்கம் அவருடையதுதான். கத்தோலிக்கருக்குச் சட்டப்படி சம உரிமை கிடைத்தது ஆங்கிலேயர் காலத்தில், 1806இல்.

இந்த இடைக்காலத்தின் பிள்ளைதான் மடு. மாந்தையில் இருந்த மாதா சுரூபத்தை, ஒல்லாந்தருக்குப் பயந்து, 1670அளவில் இருபது குடும்பங்கள் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள். மருதமடு அப்போது வன்னி அரசின் பக்கத்தில் இருந்தது. ஒல்லாந்தரின் கை அங்கே எளிதில் எட்டாது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்தும் ஏறக்குறைய எழுநூறு பேர் தப்பி வன்னிக்கு வந்து சேர்ந்தார்கள். மடு முதலில் ஓர் அகதி முகாம். திருப்பதியானது பிறகு. பொன்ஜோன் ஆண்டகை புதிய கோயிலுக்கு அடித்தளமிட்டது 1872இல். மாதாவுக்கு முடிசூட்டியது 1924 யூலை 2ஆம் திகதி, அம்மம்மா பிறப்பதற்கு மூன்று ஆண்டு முன்பு.

அந்த இருபது குடும்பத்தில் தன்னுடையதும் ஒன்று என்பது அம்மம்மாவின் உறுதியான நம்பிக்கை. பற்றுச்சீட்டு இல்லாத பதிவு. ஆனாலும் அவர் அதை விட்டுக்கொடுத்ததில்லை.

யூலைப் பெருவிழாவுக்கு மாட்டுவண்டியில் போய், காட்டில் கொட்டில் போட்டு ஒரு கிழமை தங்குவார்களாம். ரயிலில் வருகிறவர்கள் மடுவீதி நிலையத்தில் இறங்குவார்கள். சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களச் சனங்களும் அங்கே கொட்டில் போடுவார்கள். சைவர்களும் வருவார்கள், புத்த சமயத்தவரும் வருவார்கள். திரும்பும்போது எல்லோரும் ஒரு பிடி மடு மண் எடுத்துப் போவார்கள். பாம்பு விடத்துக்கு அது மருந்து என்பது நம்பிக்கை. வீட்டைச் சுற்றித் தூவுவதும் உண்டு.

1990 யூனில் சண்டை மறுபடியும் தொடங்கியபோது, அம்மம்மா மடுவுக்குப் போனார். இந்த முறை மாட்டுவண்டியில் பாயும் பானையும் இருந்தன, திருநாள் இல்லை. ஐ.நா. அகதிகள் ஆணையம் அங்கே நிவாரண மையம் திறந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் கோயிலைச் சுற்றிக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக இருந்தார்கள். அவரும் ஒன்பது ஆண்டுகள் இருந்தார். 1999 நவம்பர் 20ஆம் திகதி இரவு கோயில் வளவில் எறிகணை விழுந்து நாற்பது பேரளவில் இறந்தார்கள். இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. அம்மம்மா அன்றிரவு அங்கே இருந்தவர். அதைப் பற்றி என்னிடம் இரண்டு வாக்கியத்துக்கு மேல் சொன்னதில்லை: "செபமாலை சொல்லிக்கொண்டிருந்தம். அஞ்சாம் காரணிக்கம் முடிக்கேல்ல." அதற்குப் பிறகு செபமாலையை ஐந்தாம் காரணிக்கத்திலிருந்து தொடங்கும் ஒரு பழக்கம் அவரிடம் இருந்தது. விட்ட இடத்திலிருந்து தொடங்குவதாக அவர் எண்ணியிருக்கலாம். நாங்கள் யாரும் கேட்டதில்லை.

2004இல் அம்மா அழைக்க, அவர் இங்கே வந்தார். பெட்டியில் ஒரு செபப் புத்தகம், இரண்டு வெள்ளைச் சேலை, ஒரு பழைய மருந்துப் போத்தலில் மடு மண். ஊரின் பெயரைக் கேட்டார். சான் ஹோசே என்றால் சூசையப்பர் என்று விளங்கப்படுத்தினேன். சூசையப்பர் நன்மரணத்தின் பாதுகாவலர் அல்லவா? "அப்ப சாகிறதுக்கு நல்ல இடம்தான்" என்றார். அம்மா என்னை முறைத்துப் பார்த்தார். இன்னொரு பொருத்தமும் உண்டு: மன்னார் மறைமாவட்டமும் சான் ஹோசே மறைமாவட்டமும் 1981 ஜனவரியில், சில நாள் இடைவெளியில் உருவாக்கப்பட்டவை.

கிழக்கு சாந்தா கிளாரா வீதியில் ஐந்து திருக்காயங்கள் பெயரில் போர்த்துக்கேயக் கோயில் ஒன்று இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சியில் போர்த்துக்கல் அமைத்த மண்டபத்தின் மரங்களையும் பயன்படுத்திக் கட்டி, 1919இல் திறந்தார்கள். அம்மம்மாவை அங்கே ஒருநாள் கூட்டிப்போனேன். பூசை முடிந்ததும், முக்காடிட்ட ஒரு போர்த்துக்கேய மூதாட்டி அவருக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. அந்த அம்மா சிலுவையைக் காட்டி ஒரு சொல் சொன்னார். அம்மம்மா உடனே "குருசு!" என்றார். பிறகு விளையாட்டாகிவிட்டது. மேசை, கதிரை, யன்னல், சப்பாத்து, துவாய், பாண். எல்லாம் அவர்கள் மொழியிலிருந்து எமக்கு வந்த சொற்கள். நானூறு ஆண்டுகளுக்கு முன் கொடுத்ததைச் சரிபார்ப்பதுபோல இரண்டு கிழவிகளும் அரை மணி நேரம் இருந்தார்கள். காரில் ஏறியபின் அம்மம்மா சொன்னார்: "நல்ல மனுசி. ஆனா எங்கட கதிரையைத் தன்ர எண்டு சொல்லுறா."

2008 ஏப்ரல் முதல் வாரத்தில் போர்முனை மடுவை நெருங்கியபோது, குருவானவர்கள் சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். அந்தச் செய்தியை எமது ஒலிபரப்பில் வாசித்தவன் நான். வீட்டுக்கு வந்தபோது அம்மம்மா வானொலிக்கு முன்னாலேயே இருந்தார். அழவில்லை. "மாந்தையிலிருந்து மடு, மடுவிலிருந்து தேவன்பிட்டி. அவவுக்கு இது ரெண்டாம் முறை. எனக்கு மூண்டாகிட்டுது" என்றார். அதே ஆண்டு ஓகஸ்டில் மாதா மடுவுக்குத் திரும்பினார். அம்மம்மா திரும்பவில்லை. 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் யோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்றே மடுவுக்குப் போனார். இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. அவர் முழங்காலில் இருந்தபடி தொலைக்காட்சியைப் பார்த்தார். எழுப்பிவிட இரண்டுபேர் தேவைப்பட்டது.

அவருடைய மரணச் சடங்கைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பிரேதம் வைத்திருந்த மண்டபத்துக்கு இங்கத்தைய குருவானவர் வந்தார், நல்ல மனிதர், ஆங்கிலத்தில் இருபது நிமிடம் செபித்துவிட்டுப் போனார். மிச்சம் மூன்று மணி நேரம். ஊரில் என்றால் சங்கிலித்தாம் மணி அடிக்க, மூப்பர் மன்றாட்டு மாலை தொடங்க, சனம் பதில் சொல்லும். எங்கள் பிள்ளைகள் கைத்தொலைபேசியோடு நின்றார்கள். எனக்குத் தொடக்கம் தெரியும், நடு வராது. அப்போது எழுந்தவர் ஒரு சைவக் குடும்பத்து அக்கா. யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடப் பள்ளியில் படித்தவர். அம்மம்மாவின் செபப் புத்தகத்தை வாங்கி, நெற்றியில் திருநீறோடு நின்று, மன்றாட்டு மாலையை முழுவதும் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் பதில் சொன்னோம். குருவானவர் இல்லாத இடத்தில் யாருக்குத் தெரியுமோ அவர் செபம் நடத்துவார் என்பதுதானே வாஸ் அடிகளார் போட்ட ஒழுங்கு? அன்று அந்த அக்காதான் எங்கள் மூப்பர்.

கல்வாரிச் சேமக்காலையில் அடக்கம் செய்தோம். மடு மண்ணில் பாதியைக் குழிக்குள் போட்டோம். மீதியை என் மகள் தன் காரில் வைத்திருக்கிறாள். இங்கே பாம்பு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "அலம் றொக் பூங்காவில இருக்கு அப்பா, போர்டு போட்டிருக்கு" என்றாள்.

31ஆம் நாள் முடிந்து, நவம்பரில் ஆத்துமாக்களின் மாதத்துக்குச் சேமக்காலையில் மெழுகுதிரி கொளுத்தப் போனபோது, சில குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஏற்பாடு பேசிக்கொண்டோம். தபசுகால வெள்ளிக்கிழமைகளில் ஒரு வீட்டில் கூடி வியாகுலப் பிரசங்கம் வாசிப்பது. புத்தகம் கிடைத்துவிட்டது. ராகம்தான் பிரச்சினை. இந்த ஊரில் அது தெரிந்தவர்கள் என்று எனக்குத் தெரிய இரண்டு பேர்; இருவரும் எண்பதைத் தாண்டியவர்கள். ஆனால் 2009இல், ஒலிபரப்புக்கு என்று, அம்மம்மாவை எங்கள் சமையலறையில் இருத்தி நாற்பது நிமிடம் பாடவைத்துப் பதிவு செய்திருந்தேன். அதைக் கேட்டுப் பிள்ளைகள் பழகுகிறார்கள். பதிவின் நடுவே பிரஷர் குக்கர் மூன்று முறை விசில் அடிக்கிறது. அம்மம்மா பாட்டை நிறுத்தி, "அடுப்பை நிப்பாட்டு பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் தொடர்கிறார். பிள்ளைகள் அந்த இடத்தையும் சேர்த்தே பாடமாக்கிவிட்டார்கள். பிரதி வேண்டுபவர்கள் நிலையத்தில் சொன்னால் போதும்.