ஹைட்ராலிக் பிரேக்கின் வரலாறும் பழைய கார்களில் அதன் பராமரிப்பும்

ஹைட்ராலிக் பிரேக் என்பது, ஓட்டுநர் காலால் கொடுக்கும் அழுத்தத்தை ஒரு திரவத்தின் வழியாகச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் அமைப்பு ஆகும். மூடிய கலத்திலுள்ள திரவத்தின் மீது தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்னும் பாஸ்கல் விதியே இதன் அடிப்படை. பழைய கார்களில் இந்த அமைப்பைப் பராமரிக்க, அது வளர்ந்த வரலாற்றை அறிவது பெரிதும் உதவும்.

தோற்றமும் வளர்ச்சியும்

தொடக்க காலக் கார்களில் இரும்புத் தண்டுகளும் கம்பிகளுமே பிரேக்கை இயக்கின. அவற்றில் ஒன்று தளர்ந்தாலும் சக்கரங்கள் சமமாகப் பிடிக்காமல் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இக்குறையைப் போக்க அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட் திரவ முறையை உருவாக்கி, 1917-இல் காப்புரிமை பெற்றார். 1921-இல் டூசன்பர்க் 'மாடல் ஏ' கார் நான்கு சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக்குடன் விற்பனைக்கு வந்தது. 1924-இல் வந்த கிரைஸ்லர் காரில் கசிவைக் குறைக்க ரப்பர் அடைப்புகள் பயன்படுத்தப்பட்டன. ஃபோர்டு நிறுவனம் 1939 மாடல்களில்தான் இம்முறைக்கு மாறியது.

ஒரே குழாய்த் தொடர்

அக்காலக் கார்களில் ஒரே ஒரு மாஸ்டர் சிலிண்டர் நான்கு சக்கரங்களுக்கும் அழுத்தம் தந்தது. எங்கேனும் ஒரு குழாய் உடைந்தால் நான்கு பிரேக்குகளும் ஒருசேரச் செயலிழக்கும். தனிக் கம்பியில் இயங்கும் ஹேண்ட் பிரேக் மட்டுமே எஞ்சும். அமெரிக்காவில் 1968 முதல், இரு பிரிவாகப் பிரித்த அமைப்பு புதிய கார்களுக்குக் கட்டாயமாயிற்று. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி 1957-இல் இந்தியாவில் உற்பத்தியான அம்பாசடர், தொடக்கத்தில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் கொண்டிருந்தது. இத்தகைய காரை வைத்திருப்போர் ஹேண்ட் பிரேக்கையும் நல்ல நிலையில் வைத்திருப்பது இன்றியமையாதது.

பராமரிப்பு முறைகள்

கிளைக்கால் வகைப் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் 140 டிகிரிவரை இறங்கலாம். மலைப்பாதை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது அந்த நீர் ஆவியாகி, மிதி அடிவரை இறங்கிவிடும். அதே நீர் சிலிண்டரின் உட்புறத்தைத் துருப்பிடிக்கவும் செய்யும். எனவே ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது நல்லது. எஞ்சின் ஆயிலை ஒருபோதும் ஊற்றக்கூடாது. அது ரப்பர் அடைப்புகளை உப்பச் செய்துவிடும்.

பழுதுகளைக் காலாலேயே உணரலாம்:

• மிதி பஞ்சுபோல் இருந்தால் குழாயில் காற்று உள்ளது.
• அழுத்திப் பிடித்திருக்கும்போது மெல்ல இறங்கினால், எங்கோ கசிவு உள்ளது. வெளியே ஈரம் தெரியாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரின் அடைப்பைச் சோதிக்க வேண்டும்.
• வண்டி ஒரு பக்கம் இழுத்தால் வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் நனைந்திருக்கலாம், அல்லது சிலிண்டர் இறுகியிருக்கலாம்.
• காலை எடுத்த பின்னும் சக்கரம் பிடித்திருந்தால், பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பியிருக்கலாம்.

முதல் பழுதை மாணவர்கள் எளிதில் சோதிக்கலாம். ஊசி இல்லாத இரண்டு சிரிஞ்சுகளை ஒரு குழாயால் இணைத்து நீர் நிரப்பினால், ஒன்றை அழுத்தியதும் மற்றொன்று உடனே நகரும். நடுவே காற்றுக் குமிழி இருந்தால் முதலில் காற்றுதான் சுருங்கும்.

எச்சரிக்கை

பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கலாம். அதன் தூசியைச் சுவாசிப்பது நுரையீரல் நோய்க்கும் புற்றுநோய்க்கும் காரணமாகும். டிரம்மைக் கழற்றியதும் வாயால் ஊதுவதோ, காற்றுக் குழாயால் அடிப்பதோ கூடாது. முகக்கவசம் அணிந்து, ஈரத் துணியால் துடைத்து, அத்துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

பல மாதங்கள் நிறுத்தி வைத்திருந்த காரின் எஞ்சின் முதல் முயற்சியிலேயே இயங்கிவிடலாம். ஆனால் பிரேக்கைச் சோதிக்காமல் அதைச் சாலைக்குக் கொண்டுவரக் கூடாது.